ஆசிரியர் இருவர்: செய்தியறைப் பயிற்சி பல்கலைக்கழக மதிப்புப் பெற்ற வரலாறு



ஊடக நிறுவனமொன்றில் சில வாரங்கள் பணியாற்றி, அப்பணியைத் தம் பட்டப்படிப்பின் ஒரு பகுதியாகக் கணக்கில் கொள்ளச் செய்வது இன்று பல்கலைக்கழக மாணவர்க்கு இயல்பான நிகழ்வாகிவிட்டது. இளங்கலையில் தொடங்கிய இவ்வழக்கம் முதுகலைப் படிப்புகளிலும் இடம்பெற்றிருக்கிறது. படிவம் நிரப்புவர்; நாளேட்டிலோ வானொலியிலோ தொலைக்காட்சியிலோ அமர்வர்; நாட்குறிப்பு எழுதுவர்; அறிக்கை அளிப்பர்; மதிப்புப் புள்ளி பெறுவர். இவ்வளவு எளிதாகத் தோன்றும் இந்நடைமுறைக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு. செய்தியறையில் கற்பதைக் கல்வி என்று ஏற்கலாமா, ஏற்பதாயின் அதனை எதைக் கொண்டு அளப்பது என்னும் இரண்டு வினாக்களே அவ்வரலாற்றின் உள்ளீடு. முதல் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு நாம் இன்னும் சரியான விடை காணவில்லை என்பதே இவ்வுரையின் கருத்து.

1. ஒரு சொல், இரு தொழில்

மொழியியல் பயின்றவர் என்ற முறையில் நாம் ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம். பள்ளியில் பாடம் சொல்பவரைத் தமிழில் ஆசிரியர் என்கிறோம். நாளிதழை நடத்துபவரையும் ஆசிரியர் என்றே அழைக்கிறோம். ஆங்கிலத்தில் இவ்விருவர்க்கும் வேறு வேறு சொற்கள் உள்ளன, மலாயிலும் அவ்வாறே. தமிழ் இருவரையும் ஒரே பெயரால் சுட்டுகிறது. அதனைச் சொற்பஞ்சம் என்று கருத வேண்டியதில்லை. பிறர் எழுத்தைத் திருத்துவதும் பிறர் அறிவைத் திருத்துவதும் ஒரே வினையின் இரு கூறுகள் என்னும் எண்ணம் அவ்வழக்கில் பொதிந்திருப்பதாக நாம் கொள்ளலாம்.

பயிற்சியாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோ மருத்துவமனையிலிருந்து வந்தது. மருத்துவமனையின் உள்ளேயே தங்கி, மூத்த மருத்துவரின் கண்பார்வையில் தொழில் கற்ற இளம் மருத்துவரை ‘உள்ளிருப்பவர்’ என்னும் பொருளில் பிரெஞ்சு மொழியில் வழங்கிய சொல் அது. தமிழில் சிலர் அதனை ‘உள்ளகப் பயிற்சி’ எனப் பெயர்த்தனர். மலேசியாவில் மலாய் வழக்கையொட்டித் ‘தொழில்துறைப் பயிற்சி’ என்கிறோம். சிங்கப்பூரில் ‘வேலைப் பயிற்சி’ என்பது பெருவழக்கு. மூன்றனுள் முதலாவது மட்டுமே உள்ளிருத்தல் என்னும் பழம்பொருளைக் காக்கிறது. மூத்தவர் ஒருவரின் அருகிருந்து கற்பதே இப்பயிற்சியின் உயிர் என்பதை அச்சொல் நமக்கு நினைவூட்டுகிறது.

2. செய்தியறையே பள்ளியாக இருந்த காலம்

இந்நாடுகளின் தமிழ் இதழியல் பட்டதாரிகளால் தொடங்கப்பட்டதன்று. 1887-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ வார இதழைத் தொடங்கிய மகுதூம் சாயபு காலத்தில், உலகில் எங்குமே இதழியல் கற்பிக்கும் தனிக்கல்லூரி தோன்றியிருக்கவில்லை. 1924-இல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் ‘தமிழ் நேசன்’ இதழைத் தொடங்கியபோதும், 1935-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கியபோதும், இப்பகுதியில் எழுத வந்தோர்க்கு அச்சகமே கல்லூரியாக விளங்கியது. அச்சுக்கோப்பவரும் மெய்ப்புத் திருத்துபவரும் துணையாசிரியரும் அக்கல்லூரியின் விரிவுரையாளர்கள். காலையில் அச்சேறிய பிழையே மாணவரின் தேர்வு முடிவு.

தோட்டப்புறங்களிலிருந்து செய்தி அனுப்பியவர்களுள் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பலர் இருந்தனர். பகலில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்கள், மாலையில் தோட்டத்து நிகழ்ச்சிகளை எழுதி அஞ்சலில் சேர்த்தனர். ‘நிருபம்’ என்றால் கடிதம். நிருபர் என்னும் சொல் அவர்களுக்கு மிகவும் பொருந்திற்று. தாம் அனுப்பிய செய்தி அச்சில் எவ்வாறு சுருங்கி, எவ்வாறு திருந்தி வந்தது என்பதை ஒப்பிட்டுப் பார்த்தே அவர்கள் தொழில் கற்றனர். அவர்களுக்குச் சான்றிதழ் தந்தவர் எவரும் இலர்.

தமிழர்க்கு மட்டும் உரிய நிலையன்று இது. சிங்கப்பூரின் நான்காம் அதிபராக 1985 முதல் 1993 வரை விளங்கிய வீ கிம் வீ, 1930-இல் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ நாளிதழில் எழுத்தராகச் சேர்ந்து, செய்தியாளராக உயர்ந்து, ஆசிரியர் பொறுப்பு வரை வந்தவர். பல்கலைக்கழகம் சென்று இதழியல் பயின்றவர் அல்லர். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1992-இல் தொடங்கிய தொடர்பியல் கல்விப் பள்ளி 2006 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இன்று அப்பள்ளி மாணவர்கள் பட்டம் பெறுவதற்காக ஊடக நிறுவனங்களுக்குப் பயிற்சிக்குச் செல்கின்றனர். செய்தியறையில் மட்டுமே கற்ற ஒருவரின் பெயரால் அமைந்த பள்ளி, தன் மாணவரைச் செய்தியறைக்கு அனுப்பிக் கற்பிக்கிறது. வரலாறு இவ்வாறு ஒரு சுற்றுச் சுற்றி வந்துள்ளது.

3. நாளிதழ் நடத்திய வகுப்பு

மலாயாவில் தமிழ் இதழ்கள் தம் பணியாளர்க்கு மட்டுமன்றி வாசகர்க்கும் பயிற்சி அளித்தன. 1950-ஆம் ஆண்டில் ‘தமிழ் நேசன்’ தொடங்கிய ‘கதை வகுப்பு’ இதற்கு நல்ல சான்று. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அவ்வகுப்பை நடத்தினர். பாடம் இதழில் வெளியாகும், வாசகர் பயிற்சி எழுதி அனுப்புவர், அது மதிப்பிடப்படும். இன்றைய மொழியில் சொல்வதானால் அது தொலைநிலைக் கல்வி. போருக்குப் பிந்திய மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வளர்ச்சியைப் பேசுவோர் அவ்வகுப்பைக் குறிப்பிடாமல் செல்வதில்லை. ‘தமிழ் முரசு’ 1950-களில் நடத்திய ‘மாணவர் மணிமன்றம்’ பகுதியும் பள்ளி மாணவர் பலரை எழுத்தாளராக்கியது.

இன்னும் ஒன்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1956-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தோன்றியது. அத்துறையில் வடமொழிக்கு முதன்மையா, தமிழுக்கு முதன்மையா என்னும் விவாதம் எழுந்தபோது, தமிழ்தான் வேண்டும் என்று மக்களைத் திரட்டியவர்களுள் முன்னின்றவர் சாரங்கபாணி. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் முழக்கத்தோடு நிதி திரட்டப்பட்டது. எளிய தொழிலாளர் தந்த பணமும் அதில் சேர்ந்தது. பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கிடைக்க ஒரு நாளிதழ் உழைத்தது. ஆகவே, தமிழ் பயிலும் மாணவர் தமிழ் நாளிதழுக்குப் பயிற்சிக்குச் செல்லும்போது, பல்கலைக்கழகம் ஏதோ சலுகை செய்வதாக எண்ணுதல் பொருந்தாது. பழைய கடன் ஒன்றுக்கு வட்டி செலுத்தப்படுகிறது என்பதே பொருத்தம்.

4. மணிக்கணக்கு பிறந்த கதை

செய்தியறைக் கல்வியைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட வரலாறு அமெரிக்காவில் தொடங்குகிறது. 1908-ஆம் ஆண்டு செப்டம்பரில் மிசௌரிப் பல்கலைக்கழகம் இதழியல் பள்ளியைத் திறந்தது. அதன் முதல் தலைவர் வால்ட்டர் வில்லியம்ஸ் நாளிதழ் ஆசிரியர். தாம் கல்லூரியில் பயின்று பட்டம் பெறாதவர். பள்ளி திறந்த நாளிலேயே மாணவர்கள் செய்தி சேகரித்து நாளிதழ் ஒன்றை வெளியிடத் தொடங்கினர். வகுப்பறையும் செய்தியறையும் ஒன்றாகவே இருந்தமையால், பயிற்சிக்கு வெளியே செல்ல வேண்டிய தேவை அங்கு எழவில்லை.

நியூயார்க்கில் வேறு வழி பின்பற்றப்பட்டது. நாளிதழ் உரிமையாளர் ஜோசப் புலிட்சர் அளித்த கொடையால் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளி 1912-இல் தொடங்கியது. 1935-இல் அது பட்டதாரிகளை மட்டும் சேர்க்கும் மேற்பட்டப் பள்ளியாயிற்று. சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ பிறந்ததும் அதே ஆண்டுதான். ஓரிடத்தில் இதழியல் மேற்பட்டக் கல்வியாக உயர்ந்த ஆண்டில், மற்றோரிடத்தில் பள்ளிக் கல்வியோடு நின்றோர் பலர் தமிழில் செய்தி எழுதக் கற்றுக்கொண்டிருந்தனர். இரண்டும் கல்வியே, ஒன்றுக்கு மட்டும் கணக்கு இருந்தது.

அக்கணக்கு எவ்வாறு வந்தது? 1905-இல் ஆண்ட்ரூ கார்னகி கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்திற்காக ஒரு கோடி டாலர் கொடையளித்து அறநிறுவனம் ஒன்றை நிறுவினார். எந்தெந்தக் கல்லூரிக்கு ஓய்வூதியம் தரலாம் என்று முடிவு செய்ய ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்தை ஓராண்டில் ஏறத்தாழ 120 மணி நேரம் படிப்பது ஓர் அலகு என்றும், கல்லூரியில் சேர இத்தனை அலகு வேண்டும் என்றும் வகுக்கப்பட்டது. கல்லூரிப் படிப்பை மணிக்கணக்கில் அளக்கும் வழக்கம் இதனோடு சேர்ந்து நிலைபெற்றது. கற்றல் எவ்வளவு ஆழமானது என்பதை அளக்க அந்த அலகு பிறக்கவில்லை. நிருவாக வசதிக்காகப் பிறந்தது. இவ்வுண்மையை ஆசிரியராகிய நாம் மறத்தலாகாது.

அதே காலத்தில், 1906-இல், சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்னும் பொறியியல் பேராசிரியர் மாணவர்களை ஒரு முறை வகுப்பறையிலும் மறுமுறை தொழிற்சாலையிலுமாக மாறி மாறிப் பயிலச் செய்தார். 27 மாணவரோடு தொடங்கிய அம்முயற்சியே பணியோடிணைந்த கல்விக்கு முன்னோடி. மணிக்கணக்கும் பணிக்கல்வியும் ஏறத்தாழ ஒரே ஆண்டில் பிறந்தன. பின்னர் அவை இரண்டும் இணைந்தன. பணியிடத்தில் கழித்த நேரம் படிப்பின் புள்ளியாக மாறியது. பொறியியலில் பிறந்த இம்முறை காலப்போக்கில் இதழியல், மொழிபெயர்ப்பு, ஒலிபரப்பு ஆகிய துறைகளுக்கும் பரவியது.

5. நம் நாட்டுக் கணக்கு

மலேசிய உயர்கல்வியில் ஒரு மதிப்புப் புள்ளி என்பது மாணவர் கற்றலுக்குச் செலவிடும் 40 மணி நேரத்தைக் குறிக்கும். விரிவுரை கேட்பதும் நூலகத்தில் படிப்பதும் கட்டுரை எழுதுவதும் அதில் அடங்கும். தொழில்துறைப் பயிற்சிக்கோ பொதுவாக இரண்டு வாரத்திற்கு ஒரு புள்ளி என்பது வழக்கம். வாரம் 40 மணி நேரம் பணியாற்றும் மாணவர் இரண்டு வாரத்தில் 80 மணி நேரம் செய்தியறையில் இருக்கிறார். அதாவது, செய்தியறையின் 80 மணி நேரம் வகுப்பறையின் 40 மணி நேரத்திற்கு இணையாகக் கொள்ளப்படுகிறது.

இக்கணக்கிற்கு நியாயம் உண்டு. பணியிடத்தில் எல்லா நேரமும் கற்றல் நிகழ்வதில்லை. தொலைபேசிக்குக் காத்திருத்தலும் படி எடுத்தலும் அங்குண்டு. ஆள் பற்றாக்குறையுள்ள நிறுவனம் பயிற்சி மாணவரைக் கூலியில்லா வேலையாளாகப் பயன்படுத்துவதும் உண்டு. ஆதலால் பாதி நேரமே கற்றல் நேரம் என்று கொண்டனர். ஆனால் எந்தப் பாதி என்பதை அவ்விதி சொல்லாது. அதனைக் கண்டறிவது மேற்பார்வை செய்யும் பேராசிரியரின் கடமை. அக்கடமையில் நாமே ஒருமுறை தவறினோம்.

6. சிவப்பு மை

நாம் பல்கலைக்கழகப் பணியில் இருந்த காலத்தில், முதுகலை மாணவி ஒருவர் தமிழ் நாளிதழ் ஒன்றில் எட்டு வாரம் பயிற்சி பெற்றார். அவர் அளித்த நாட்குறிப்பில் வந்த நேரமும் சென்ற நேரமும் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தன. செய்த பணி என்னும் பகுதியில் பெரும்பாலான நாள்களில் ‘செய்தி மொழிபெயர்ப்பு’ என்ற இரு சொற்களே இருந்தன. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தவர் என்ன கற்றிருக்க முடியும் என்று எண்ணி, நடுத்தரமான மதிப்பெண் வழங்கினோம். அம்மதிப்பெண்ணால் அவருக்குச் சிறப்புத் தேர்ச்சி கிட்டாமற்போனது. அவர் ஏதும் கேட்கவில்லை; நன்றி கூறிச் சென்றார்.

பல்லாண்டுகளுக்குப் பின், இடைநிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த அவரை ஒரு பயிலரங்கில் சந்தித்தோம். தம் மாணவர்க்குக் காட்டுவதற்காக ஒரு தாள்கட்டினைக் கொண்டு வந்திருந்தார். அந்த எட்டு வாரத்தில் அவர் எழுதிய செய்திகளும், துணையாசிரியர் ஒருவர் அவற்றின்மேல் சிவப்பு மையால் இட்ட திருத்தங்களும் அதில் இருந்தன.

முதல் வாரத்துத் தாள் ஒன்றில் ‘காவல் துறையினரால் மூவர் கைது செய்யப்பட்டனர்’ என்றிருந்தது. ‘காவல் துறையினர் மூவரைக் கைது செய்தனர்’ எனத் திருத்தியிருந்தார் துணையாசிரியர். இது நடை பற்றிய திருத்தம். எந்த வகுப்பறையிலும் கிடைக்கக்கூடியது. மற்றொரு தாளில், மலாய்ச் செய்திகளில் மிகுதியாக வரும் ‘டிஃபாஹம்கன்’ என்னும் சொல்லை மாணவி ‘அறியப்படுகிறது’ எனப் பெயர்த்திருந்தார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பிழையில்லை. துணையாசிரியர் அதனை அடித்துவிட்டு, ஓரத்தில் ‘அறிந்தவர் யார்?’ என்று கேட்டிருந்தார். இன்னொரு தாளில் ‘அதிகாரத் தரப்பு’ என்னும் தொடரின் கீழே கோடிட்டு, ‘எந்த அலுவலகம்? தொலைபேசியில் கேட்டு எழுதுக’ என்றிருந்தது. அடுத்த தாளில் அலுவலகத்தின் பெயரும் அதிகாரியின் பதவியும் இடம்பெற்றிருந்தன.

இங்கே திருத்தப்பட்டது சொல் மட்டுமன்று. எழுவாய் இல்லாத வாக்கியத்தின் பின்னே பொறுப்பேற்காத ஒருவர் ஒளிந்திருக்கிறார் என்பதை, செயப்பாட்டுவினையைப் பல்லாண்டு கற்பித்த நாம் அம்மாணவிக்குச் சொல்லவில்லை. அந்தத் துணையாசிரியர் சொன்னார். ஆறாம் வாரத்துத் தாள்களில் சிவப்பு மை அருகியிருந்தது. எட்டாம் வாரத்தில் தலைப்பில் மட்டும் ஒரு சொல் மாறியிருந்தது. கற்றலின் படிநிலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எது? இத்தாள்களை ஏன் அறிக்கையோடு இணைக்கவில்லை என்று கேட்டோம். படிவத்தில் அதற்கு இடமில்லை என்றார். பிழைகளைக் காட்டினால் மதிப்பெண் குறையுமோ என்ற அச்சமும் இருந்ததாகச் சொன்னார். அப்படிவத்தை வகுத்தவர்களுள் நாமும் ஒருவர். அன்று அவரிடம் வருத்தம் தெரிவித்தோம். ஆயினும் இழந்த தேர்ச்சியை மீட்டளிக்க நம்மால் இயலவில்லை.

7. நன்னூலார் பகுத்த பங்கு

வீடு திரும்பியபின் நன்னூலின் பொதுப்பாயிரத்தை எடுத்துப் படித்தோம். பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தியார் எழுத்தும் சொல்லும் பேசுவதற்கு முன், ஆசிரியர் இயல்பு, மாணாக்கர் இயல்பு, பாடம் சொல்லும் முறை, பாடம் கேட்கும் முறை ஆகியவற்றை வகுத்துரைக்கிறார். அங்கே கல்வியின் பங்குகளும் கூறப்படுகின்றன. ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணாக்கர் பெறுவது கால் பங்கே. உடன் பயில்வோரோடு பழகிப் பெறுவது இன்னொரு கால் பங்கு. எஞ்சிய இரண்டு கால் பங்கும், தாம் கற்றதைப் பிறர்க்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதே நிரம்பும்.

இப்பகுப்பை நம் காலத்து மணிக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். விரிவுரை மண்டபம் முதல் கால் பங்கைத் தருகிறது. செய்தியறையில் உடன் பணியாற்றுவோர் இரண்டாம் கால் பங்கைத் தருகின்றனர். அறிந்ததை அறியாதவர்க்கு விளங்கச் சொல்லும் செய்தி எழுத்து, எஞ்சிய பாதியைச் சார்ந்தது. பவணந்தியார் செய்தித்தாளைக் கண்டவர் அல்லர். அவர் கருதியது மாணாக்கர்க்கும் அவையோர்க்கும் உரைப்பதை. ஆயினும் பிறர்க்கு உரைத்தலுக்கு அவர் பாதிப் பங்கு அளித்தார். நாமோ அது நிகழும் இடத்தின் நேரத்தைப் பாதியாகக் குறைத்தோம். மணிக்கணக்கை மாற்றுக என்று நாம் கேட்கவில்லை. மணிக்கணக்கின் உள்ளே எதைத் தேட வேண்டும் என்பதை நன்னூலிடம் கற்றுக்கொள்ளலாம் என்கிறோம்.

8. நாம் செய்யத்தக்கவை

முதலாவது, பயிற்சி முடித்த மாணவர் திருத்தம் பெற்ற தம் தாள்களை அறிக்கையோடு அளித்தல் வேண்டும். இன்று சிவப்பு மை மறைந்து, திருத்தங்கள் கணினித் திரையிலேயே நிகழ்ந்து அழிந்துவிடுகின்றன. முதல் வரைவையும் வெளிவந்த வடிவத்தையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு மாற்றத்திற்கும் காரணம் எழுதச் செய்தால் போதும். அதுவே முதுகலைத் தரத்திற்கு ஏற்ற மொழி ஆய்வு.

இரண்டாவது, மாணவரைத் திருத்திய துணையாசிரியர்க்கு மதிப்பீட்டில் உரிய இடம் அளித்தல் வேண்டும். நேரத்திற்கு வந்தாரா, பணிவாக நடந்தாரா என்னும் வினாக்களோடு அவர் கருத்தை முடித்துக்கொள்வது முறையன்று. அவரும் ஆசிரியர் என்பதைத் தமிழ் எப்போதோ ஏற்றுக்கொண்டது.

மூன்றாவது, திரும்பி வந்த மாணவர் தாம் கற்றதை இளைய மாணவர்க்கு ஒரு வகுப்பாக எடுத்துரைத்தல் வேண்டும். அப்போதுதான் நன்னூலார் சொன்ன எஞ்சிய பங்கு முழுமையாக நிரம்பும்.

இவற்றை இன்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கதை வகுப்பு நடத்திய ‘தமிழ் நேசன்’ 2019-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நின்றுபோனது. ஏறத்தாழ 95 ஆண்டுகள் எரிந்த விளக்கு அது. ஒரு நாளிதழ் நிற்கும்போது வாசகர் ஓர் இதழை இழக்கின்றனர். மாணவரோ, அருகில் அமர்ந்து திருத்துவோர் சிலரை இழக்கின்றனர். எஞ்சியுள்ள செய்தியறைகளிலும் ஒலிபரப்பு நிலையங்களிலும் இன்னும் சில நாற்காலிகள் நம் மாணவர்க்காகக் காத்திருக்கின்றன. அங்கு அமர்ந்திருக்கும் மூத்தவர்கள் ஓய்வு பெறுவதற்குள், அவர்கள் கைத்திருத்தம் நம் மாணவர் தாள்களில் பதிதல் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே, அடுத்த முறை உங்கள் மாணவர் பயிற்சி முடித்துத் திரும்பும்போது, எத்தனை மணி நேரம் இருந்தீர்கள் என்று கேட்பதற்கு முன், யார் உங்களைத் திருத்தினார், எதைத் திருத்தினார் என்று கேளுங்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் பிழைகளை மறைக்காதீர்கள். திருத்தப்பட்ட தாளைப் பத்திரப்படுத்துங்கள். அத்தாள்களைக் கேட்டு வாங்கிப் படிக்கும் பொறுப்பு எங்களுடையது.